எழுப்பாமல் விட்ட கோழி

வேலை பார்க்கிற இடத்தில் அவருக்கு அடைக்கோழி என்று பெயர். யார் வைத்ததென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்தியிருப்பார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கத்துவார்கள், கையை ஓங்குவார்கள், குறைந்தபட்சம் கதவையாவது அடித்துச் சாத்துவார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே சண்டை பேசாமல் இருப்பது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தெருமுனை முடிவெட்டுக்காரர் ஒருநாள் இவருக்குப் பின்னால் வந்தவரை முதலில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அன்றோடு அந்தக் கடை முடிந்தது. நான்கு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போகிறார், அதற்குப் பழைய கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், போகும்போது எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடி போவார். முடிவெட்டுக்காரருக்கு இப்படி ஒரு போர் நடப்பதே தெரியாது. சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் பின்னால நில்லுடா, மறைக்குது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். இவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அண்ணனோடு பேச்சு அதோடு சரி.

"இப்ப யார் யாரோட பேசறதில்லன்னு ஒரு போர்டு எழுதி வாசல்ல மாட்டுங்களேன், வர்றவங்களுக்கு வசதியா இருக்கும்" என்பார் அவர் மனைவி. அதற்குச் சிரிப்பார். மனைவியோடு மட்டும் அவரால் அரை நாளுக்கு மேல் பேசாமல் இருக்க முடிந்ததில்லை. பசிக்கும்.

கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையில் சுத்தம். ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்காமல் கொட்டகைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார், மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார். ரோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒன்றை மட்டும் கழற்றி வைத்திருந்தால், நல்ல மனுஷர்தான். நம்மில் பாதிப் பேர் கதை அதுதானே.

முன்பு பெரிய முட்டைப் பண்ணை ஒன்றில் இருந்தார். ஆயிரக்கணக்கான கோழிகள், கம்பிக் கூண்டு, சரிவாக உருண்டு வந்து விழும் முட்டை. பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கோழிக் கொட்டகைக்கு ஆள் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தார். அங்கே எல்லாம் டாக்டரம்மாதான். மாட்டு டாக்டர் இல்லை, மனுஷ டாக்டரும் இல்லை, மரபணு படித்தவர். ஐம்பதைத் தாண்டியவர், பேனாவைத் தலைமுடியில் செருகிவிட்டு அதையே தேடுகிறவர்.

முதல் நாளே அவர் இவரை உட்கார வைத்து விளக்கினார்.

"பண்ணைக் கோழிக்கு அடைகாக்கத் தெரியாது. உங்களுக்கே தெரியும்."

"ஆமா மேடம். முட்டையப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும்."

"மனுஷன் பண்ண வேலை அது. அடைக்கு உட்கார்ற கோழி முட்டை போடாது. நமக்கு நஷ்டம். அதனால உட்கார்றதை எல்லாம் கழிச்சுக் கழிச்சு, உட்காராததையே வளர்த்து வளர்த்து இப்படி ஆக்கிட்டான். ஆனா காட்டுக்கோழிக்கு இருந்த அந்தக் குணம் செத்துப் போகல. இதுக்குள்ளயே தூங்குது. கருவுல இருக்கும்போதே மரபணுவுல கை வச்சு அதை எழுப்பப் பார்க்கறோம். நிறைய முட்டையும் போடணும், வேணும்னா தானே குஞ்சும் பொரிக்கணும். இன்குபேட்டர் வாங்க முடியாதவங்க வீட்டுல, கரண்ட்டே வராத ஊர்ல, இந்தக் கோழி போய் நிக்கணும்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. பண்ணையில் இருந்த காலத்தில் ஒரு கோழியும் ஒரு முட்டையைத் திரும்பிப் பார்த்து அவர் கண்டதில்லை.

அப்படி வளர்த்த கூட்டத்தில் முதலில் அடைக்கு உட்கார்ந்தவள் சீமாட்டி. காலில் மாட்டியிருந்தது ஒரு எண்தான். சீமாட்டி என்பது இவர் வைத்த பெயர். அவள் உட்கார்ந்த அழகு அப்படி. இறகை எல்லாம் விரித்து, இரண்டு மடங்காகி, கூட்டுப் பெட்டியை நிறைத்துக்கொண்டு, கிட்டே போனால் தொண்டைக்குள் உர்ரென்று ஒரு சத்தம். அடியில் வைத்திருந்தவை நிஜ முட்டைகள் இல்லை, சுண்ணாம்புக் கலவையில் வார்த்த பொய் முட்டைகள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மாரில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகி, அந்தத் தோலின் சூட்டை அந்தக் கட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது முட்டைகள் கதகதவென்று இருந்தன. மனைவியிடம் போய் இதை ஒரு மணி நேரம் சொன்னார்.

ஆனால் ஒரு கோளாறு இருந்தது. காட்டுக்கோழி அடையில் இருந்தாலும் நாளுக்கு ஒருமுறை இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து உட்காரும். சீமாட்டி இறங்கவே இல்லை. தீவனம் நான்கடி தூரத்தில் இருந்தது, தண்ணீர் அதன் பக்கத்தில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உட்கார்ற குணத்தை எழுப்பிட்டோம், எழுந்திருக்கிற குணம் இன்னும் தூங்குது" என்றார் டாக்டரம்மா. அதைச் சரிசெய்ய அடுத்த தலைமுறை வரை ஆகும். அதுவரை தினம் ஒருமுறை கையால் தூக்கி இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. அது இவர் வேலை.

காலையில் போவார். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குவார். அவள் மணிக்கட்டில் கொத்துவாள், திட்டுவாள். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் இறக்கிவிட்டதும் தூக்கத்தில் இருந்து விழித்தவள் போல ஒரு கணம் நிற்பாள். பிறகு குடிப்பாள் பாருங்கள், அப்படி ஒரு குடி. தின்று முடித்து, ஒருநாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை மொத்தமாகப் போட்டு, மூக்கைப் பிடிக்க வைத்துவிட்டு, பெட்டிக்கு ஓடுவாள். எல்லாம் சில நிமிஷம்தான். மணிக்கு ஒரு படம் எடுக்கும் கேமரா ஒன்று கூரையில் இருந்தது. அதன் கண்ணில் இது படுவதுகூட அபூர்வம்.

இந்த இடத்தில் மச்சினன் வருகிறான். மனைவியின் தம்பி. வேலையில்லாமல் இருந்தவனை இவர்தான் டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூட்டி வந்து சேர்த்தார். பையன் கெட்டிக்காரன், கம்ப்யூட்டர் தெரியும், பேசத் தெரியும். கொட்டகைக்கு மேற்பார்வை ஆள் வேண்டும் என்று வந்தபோது அவனைப் போட்டார்கள். இவர் வாழ்த்தினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஒரு மாதம்.

பிறகு ஒருநாள் வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்தபோது, அத்தனை பேர் முன்னால் மச்சினன் சொன்னான்: "மாமா, இந்த பக்கெட்ட இன்னொரு தடவை கழுவிடுங்க, ஓரத்துல பாசி இருக்கு."

பாசி இருந்தது. அதுதான் அவரால் பொறுக்க முடியாமல் போனது. இல்லாத பாசியைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டிருப்பார். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அன்றிலிருந்து மச்சினனோடு பேச்சு இல்லை. அவன் "மாமா" என்றால் இவர் கோழியைப் பார்த்தார். ஒரே கொட்டகை, ஒரே டீக்கடை, ஒரே பஸ்.

அப்போதுதான் அந்த மூன்று நாள் விடுமுறை வந்தது. விடுமுறை நாளில் சீமாட்டியைத் தூக்குவது வழக்கமாக மச்சினன் பொறுப்பு. விடுமுறைக்கு முந்தின நாள் மாலை இவர் போனுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"மாமா, நான் மூணு நாளும் ஊர்ல இருக்க மாட்டேன். சீமாட்டிய நீங்க தூக்கி விட்டுடுங்க. ப்ளீஸ்."

இவர் படித்தார். படித்துவிட்டார் என்று காட்டும் நீலக் குறி அவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது இவருக்குத் தெரியும். பதில் போடவில்லை. நேரில் வந்து கேட்கட்டுமே. பக்கெட்டைப் பற்றி ஊர் முன்னால் பேசத் தெரிகிறது, இதை முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லையா? பதில் வரவில்லை என்றால் பயந்து கூப்பிடுவான் என்று கணக்குப் போட்டார். அவன் கூப்பிடவில்லை. எத்தனை கோபம் இருந்தாலும் மாமா வேலையில் குறை வைக்க மாட்டார் என்று நம்பி நிம்மதியாகப் பஸ் ஏறிவிட்டான்.

முதல் நாள் இவர் வீட்டில் இருந்தார். போனில் கேமராப் படத்தைப் பார்த்தார். சீமாட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் யாரையாவது ஏற்பாடு பண்ணியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மனசு கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்துவிட்டார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, பாவம், நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"போயிட்டு வாங்க. அவன் சின்னவன், நீங்கதான் விட்டுக் குடுக்கணும்."

அந்த விட்டுக்கொடுத்தல் என்ற சொல் அவரைச் சுட்டது. இப்போது போனால் தோற்றுப் போனதாக ஆகாதா? செருப்பைக் கழற்றிவிட்டு, "தலைவலிக்குது" என்று போய்ப் படுத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு கோழியின் தாகத்துக்கும் ஒரு மனுஷனின் கௌரவத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு ஜோடிச் செருப்பு. அவர் கௌரவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாம் நாளும் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அப்படியே, அதே இடத்தில், இறகை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது.

விடுமுறை முடிந்த காலை டாக்டரம்மா கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "ஒரு படத்துல கூட இடம் மாறல! இப்படி ஒரு அடையை நான் பார்த்ததே இல்ல" என்று எல்லோருக்கும் போனைக் காட்டினார். இவர் கையைப் பிடித்து, "நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்றார். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை. கேக்கில் ஒரு துண்டு சாப்பிடவும் செய்தார்.

பிறகு உள்ளே போய்ச் சீமாட்டியின் அடியில் கையைக் கொடுத்தார். உர்ரென்ற சத்தம் வரவில்லை. கொத்தவில்லை. தூக்கியபோது கனமே இல்லை, மடக்கிய கால் மடக்கியபடியே மேலே வந்தது. அடியில் இருந்த பொய் முட்டைகள் ஜில்லென்று இருந்தன.

டாக்டரம்மா அவளை வாங்கி மேசையில் கிடத்தினார். பிறகு அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் ஒன்றுமில்லை, உடம்பில் தண்ணீர் இல்லை.

"தினம் தூக்கி விட்டீங்களா இல்லையா?"

மச்சினன் இவர் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. அதிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தினமும் தூக்கி விட்டாரு மேடம். நானும் போன்ல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எறக்கி விட்டாலும் அது தண்ணியத் தொடல. திரும்ப ஓடிப் போய் உட்கார்ந்துக்கிச்சு."

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். இவர் பேசாமல் நின்றார். எத்தனையோ பேர் மேல் ஆயுதமாக வீசிய அந்த மௌனம் அன்றைக்கு அவருக்கே போர்வையாக வந்து சேர்ந்தது. இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பொய் சின்னது. அது போய் நின்ற இடம்தான் பெரியது. தூக்கிவிட்டால் பிழைக்கும் என்பது வேறு. தூக்கிவிட்டும் குடிக்காமல் தானே செத்துப்போகும் என்றால் அது வேறு. அப்படி ஒரு குணத்தை ஓர் உயிருக்குள் எழுப்பி விடுவது கொடுமை என்று இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவுக்கு டாக்டரம்மாவே எழுதினார். முதல் வேலையாகக் கொட்டகையில் இருந்த கூட்டுப் பெட்டிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார், இனி எதுவும் அடைக்கு உட்காரக் கூடாது. கேமராவையும் கழற்றினார்கள். டாக்டரம்மா கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் முடிவு வந்தது: இந்தக் கூட்டத்தை இதோடு முடித்துவிடுவது, ஒன்றுவிடாமல்.

அந்தப் பொய்யைச் சொன்ன அன்று இரவே மச்சினன் போனில் கூப்பிட்டிருந்தான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அவ தாங்க மாட்டா. தப்பு என் மேலயும் இருக்கு. நேர்ல சொல்லியிருக்கணும்."

"திட்டுடா" என்றார் இவர். "வாயில வந்தபடி திட்டு."

"எதுக்கு மாமா? நீங்க போவீங்கன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை. கோபித்துக்கொண்டு இன்னொரு வருஷம் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டான் படுபாவி.

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது, அது அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசிக் கூண்டில் இருந்த ஒரு கோழி, பெட்டி இல்லாமல், முட்டை இல்லாமல், வெறும் கம்பித் தரையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடியில் காற்றுதான் இருந்தது. இவர் தினம் காலையில் முதல் ஆளாகப் போய் அதைத் தூக்கிவிட்டார். அது தினம் குடித்தது. சீமாட்டி உட்கார்ந்ததைவிட அதிக நாள் ஆகிவிட்டது, இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா எழுதியது தப்பு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்ஸைக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் போனார்.

சொன்னால் மச்சினன் வேலை போய்விடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் சாப்பாட்டில் கை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தபோது கண்முன் வந்தது மச்சினன் முகம் இல்லை. கேக்கை நீட்டிய டாக்டரம்மாவின் முகம். அந்த முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கண்ணாடியில் தலை சீவுவதை விட்டுவிட்டார். "உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டால் கூசிப்போய் எழுந்து போனார்.

அந்த நாள் வந்தது. கால்நடை மருத்துவர் மூடி போட்ட பெட்டியும் வாயு சிலிண்டரும் கொண்டு வந்தார். வலி இருக்காது, தூக்கம் மாதிரி என்றார். கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியது இவர். வேறு யார்? கோழிகள் இவர் கைக்குப் பழகியவை. மற்றவர் எடுத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். இவர் எடுத்தால் கக்கத்தில் அடங்கிக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று கொடுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்ததற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சுவரோரம் உயிர் போனவற்றைப் போட்ட பைகள் சேர்ந்துகொண்டே போயின. டாக்டரம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வராமல் இருப்பது நியாயமில்லை என்று வந்திருந்தார்.

வரிசை முடிந்து கடைசிக் கூண்டுக்கு வந்தார். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். அது கொத்தியது, உர்ரென்றது. பிறகு, தினமும் செய்கிற மாதிரியே, அவர் கைக்குள் இருந்தபடி கழுத்தை நீட்டித் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடியது. அவர் பெட்டியைப் பார்த்து ஓரடி வைத்தார். கழுத்து எதிர்ப்பக்கம் நீண்டது. அவருக்குக் கால் வரவில்லை.

"மேடம்" என்றார். "சீமாட்டிய நான் தூக்கி விடல."

"என்ன?"

"மாமா, சும்மா இருங்க" என்றான் மச்சினன்.

"மூணு நாளும் போகவே இல்ல மேடம். இவன் என்னைத்தான் போகச் சொன்னான், நான் படிச்சேன், வேணும்னே போகல. இவன் மேல கோபம். பக்கெட்டக் கழுவச் சொன்னான்னு. அது தண்ணி இல்லாம செத்துச்சு. எனக்காகத்தான் இவன் உங்ககிட்ட அப்படிச் சொன்னான்."

சத்தமாகச் சொன்னபோதுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவர் காதிலேயே விழுந்தது. பக்கெட். மருத்துவர் சிலிண்டரைத் திருகி மூடினார். யாரும் அவரைத் திட்டவில்லை.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "இது எத்தனை நாளா உட்கார்ந்திருக்கு?"

"சீமாட்டியைவிட அதிகம் மேடம். தினம் தூக்கி விடறேன்."

"தூக்கி விட்டா குடிக்குதா?"

"குடிக்குது."

"காட்டுங்க."

அவர் கிண்ணத்தின் முன்னால் அதை இறக்கிவிட்டார். கோழி ஒரு கணம் நின்றது. அலகை முக்கியது, தலையை அண்ணாந்தது, விழுங்கியது. மறுபடி முக்கியது. கொட்டகையில் வேறு சத்தமே இல்லை, எல்லாக் கூண்டும் காலி. மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். டாக்டரம்மா அந்தப் பைகளைப் பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை. கோழி குடித்துக்கொண்டே இருந்தது. போதும், நிறுத்தித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். அதற்கு என்ன தெரியும், அது குடித்தது. கிண்ணத்தின் அடி தெரிய ஆரம்பித்தபோது டாக்டரம்மா, நிமிராமலே, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

அவர் ஊற்றினார்.